மூலிகை அப்புறம்... முதலில் அந்தப் புண்ணாக்கைக் கொட்டுங்கள்!

செஞ்சிக் கோட்டைக்கு வருகிறவர்கள் ராஜகிரியில் ஏறி மூச்சு வாங்குவதற்கு முன்னால், அடிவாரத்தில் எட்டிப் பார்க்கிற கட்டடங்களில் ஒன்று களஞ்சியம். தடித்த சுவர், வளைவுக் கூரை, உள்ளே இருட்டு. 1690-ல் மொகலாயப் படை வந்து உட்கார்ந்த முற்றுகை 1698-ல்தான் முடிந்தது. எட்டு வருஷம்! தானியத்தில் ஈரம் ஏறினால் எதிரியே தேவையில்லை, உள்ளேயே கதை முடிந்துவிடும் என்பது அங்கே இருந்தவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. 2025 ஜூலையில் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் ஏறிவிட்டது. நல்ல விஷயம். ஆனால் அதே ஊரில், கோட்டைக்கு வெளியே, கொல்லைப்புறத்து வாத்துக்குப் போடுகிற புண்ணாக்கு மூட்டை எங்கே கிடக்கிறது? குளியலறைச் சுவரை ஒட்டி, வெறும் தரையில், வாய் திறந்தபடி.

வாத்துக்கும் முற்றுகைக்கும் என்னய்யா சம்பந்தம் என்று கேட்கலாம். பூஞ்சைதான் சம்பந்தம்.

செஞ்சியிலும் சுற்றுக் கிராமங்களிலும் ஐந்தோ பத்தோ வாத்து வைத்திருக்கிற வீடுகள் உண்டு. ஆயிரக்கணக்கில் ஓட்டிக்கொண்டு, அறுப்பு முடிந்த வயல் வயலாக ஊர் விட்டு ஊர் போகிற வாத்துக்காரர்கள் கதை வேறு. இது வீட்டு வாத்து. பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் கணக்கு. முட்டைக் காசு சுருக்குப்பையில் போகும், நோட்டில் ஏறாது. எந்த ஐந்தொகையிலும் வராத சொத்து. அரசாங்கமும் கொல்லைப்புறத்துக்கு என்று கொடுத்தபோது நாட்டுக்கோழிக் குஞ்சைத்தான் கொடுத்தது. 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியா முழுக்கக் கொல்லைப்புறப் பறவைகள் 31.7 கோடி என்று வந்தது, முந்தைய 2012 கணக்கைவிடப் பாதிக்குப் பாதி கூடுதல். அவ்வளவு பெரிய கூட்டத்துக்குத் தீவனம் எங்கிருந்து வருகிறது, அதன் தரம் என்ன என்று யார் கேட்டார்கள்?

இந்த வீட்டு வாத்தில் ஒன்று சுருண்டு விழுந்தால் என்ன நடக்கும்? பக்கத்து வீட்டிலிருந்து குரல் வரும். "அக்கா, கீழாநெல்லிய அரைச்சு மோர்ல கலந்து ஊத்திப் பாத்தீங்களா?" இன்னொருவர் துளசி என்பார். மற்றொருவர் மஞ்சளும் சின்ன வெங்காயமும் என்பார். வார இதழ் ஒன்றில் வந்த குறிப்பை வெட்டி வைத்திருப்பார் இன்னொருவர். கொல்லையில் மூலிகைத் தோட்டம் போட்டுவிட்டால் வாத்துக்கு நோயே வராது என்கிற அளவுக்குப் பேச்சு போய்விட்டது. யாரும் அந்த மூட்டைக்குள் கை விட்டுப் பார்ப்பதில்லை.

அந்த மூட்டையில் இருப்பது மல்லாட்டைப் புண்ணாக்கு. (வேற்றூர்க்காரர்களுக்கு: இந்தப் பக்கம் நிலக்கடலைக்கு மல்லாட்டை, மணிலா என்றுதான் பெயர்.) மல்லாட்டையில் வளர்கிற ஆஸ்பர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்கிற பூஞ்சை அஃப்ளாடாக்ஸின் என்ற நஞ்சை உண்டாக்கும். அதைத் தாங்கவே முடியாத பிராணிகளின் வரிசையில் முன்னால் நிற்பது வாத்துக் குஞ்சு. கோழி ஓரளவு தாங்கும், மாடு இன்னும் தாங்கும், வாத்து தாங்காது.

இது கட்டுக்கதை இல்லை. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் திடீர் திடீரென்று செத்தன. காரணம் தெரியாததால் 'எக்ஸ் நோய்' என்று பெயர் வைத்தார்கள். தேடிப் போனால் பிரேசிலிலிருந்து வந்த நிலக்கடலைப் புண்ணாக்கில் போய் நின்றது. வாத்துக் குஞ்சுகளும் சேர்ந்தே செத்தன, கிழக்கு ஆப்பிரிக்காவிலும் செத்தன. இந்த நஞ்சைக் கண்டுபிடித்த கதையே அப்படித்தான் தொடங்குகிறது. அதற்குப் பிறகு, ஒரு தீவனத்தில் அஃப்ளாடாக்ஸின் இருக்கிறதா என்று பார்க்க ஆய்வுக்கூடங்கள் பயன்படுத்திய கருவி என்ன தெரியுமா? ஒரு நாள் வயதுள்ள வாத்துக் குஞ்சு! சந்தேகப்பட்ட சரக்கின் சாற்றைக் குஞ்சுக்குக் கொடுப்பது, பிறகு அதன் ஈரலை எடுத்துப் பார்ப்பது. கிலோ எடைக்கு ஒரு மில்லிகிராமில் மூன்றில் ஒரு பங்கு நஞ்சு போதும், கொடுத்த குஞ்சுகளில் பாதி போய்விடும். ஐம்பது கிராம் குஞ்சுக்குக் கணக்குப் போட்டால், ஒரு மில்லிகிராமில் ஐம்பதில் ஒரு பங்குகூட வேண்டாம்.

உலகமே நஞ்சு கண்டுபிடிக்கப் பயன்படுத்திய பறவைக்கு, செஞ்சியில் பூஞ்சை பிடித்த புண்ணாக்கைப் போட்டுவிட்டு, கீழாநெல்லி கொடுத்தும் ஏன் பிழைக்கவில்லை என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

சமைத்தால் போய்விடும், வெயிலில் காயவைத்தால் சரியாகிவிடும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். பூஞ்சை சாகும். நஞ்சு சாகாது. கொதிக்கிற தண்ணீரின் சூடெல்லாம் அதற்கு ஒன்றுமே இல்லை. மேலே தெரிகிற பச்சைப் படலத்தைச் சுரண்டிப் போட்டாலும் உள்ளே இறங்கியது இறங்கியதுதான். நஞ்சுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நல்ல புண்ணாக்கு மாதிரியே இருக்கும் துண்டிலும் இருக்கலாம்.

சரி, இது எப்படி மல்லாட்டைக்குள் போகிறது? மண்ணிலேயே பூஞ்சை இருக்கிறது. காய் முற்றுகிற நேரத்தில் வறட்சி அடித்தால் செடி வாடும், காய்க்குள் புகுவது சுலபம். மானாவாரி மல்லாட்டையை ஐப்பசி, கார்த்திகை வாக்கில் பிடுங்கிப் போடும்போது வடகிழக்குப் பருவமழை வந்து நனைத்தால் கேட்கவே வேண்டாம். காயின் ஈரப்பதம் எட்டு, ஒன்பது சதவீதத்துக்குக் கீழே இறங்கும்வரை காய வேண்டும். மழைக்குப் பயந்து ஈரத்தோடு குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடினால் உள்ளே புழுக்கம், பூஞ்சைக்குத் தொட்டில் கட்டின மாதிரி. இதையெல்லாம் விவசாயிக்கு யாரும் சொல்லாமல் இல்லை. பக்கத்துத் திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, டி.எம்.வி. என்று தொடங்கும் மல்லாட்டை ரகங்களின் பெயரே திண்டிவனத்தைக் குறிப்பதுதான். சொல்கிறார்கள். ஆனால் உலர்த்தக் களம் வேண்டும், கூரை வேண்டும், காத்திருக்கக் கையில் காசு வேண்டும்.

இதற்குப் பிறகு நடப்பதுதான் வயிறு எரிகிற விஷயம். ஐரோப்பிய ஒன்றியம் நேரடியாகச் சாப்பிடுகிற நிலக்கடலையில் மொத்த அஃப்ளாடாக்ஸின் 4 பிபிபி-க்கு மேல் இருக்கக்கூடாது என்கிறது. பிபிபி என்றால் நூறு கோடியில் ஒரு பங்கு. அதனால் ஏற்றுமதிக்குப் போகிற பருப்பைச் சலித்து, பொறுக்கி, பரிசோதித்து அனுப்புகிறார்கள். கழித்த பருப்பு, சுருங்கியது, பூச்சி அரித்தது, நிறம் மாறியது எல்லாம் எங்கே போகும்? கடலிலா கொட்டுவார்கள்? செக்குக்குப் போகும். ஆட்டும்போது நஞ்சின் பெரும்பகுதி எண்ணெயோடு போகாமல் புண்ணாக்கிலேயே தங்கிவிடும். அந்தப் புண்ணாக்கிலும் நல்லதை மொத்தமாக வாங்குகிறவர்கள் எடுத்துக்கொள்வார்கள். மிச்சம் சில்லறைக் கடைக்கு வரும். அதிலும் மழையில் நனைந்த மூட்டை "கொஞ்சம் விலை கம்மி, மாட்டுக்குத்தானே, வாத்துக்குத்தானே" என்று போகும். ஒவ்வொரு படியிலும் ஆள் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறான். கடைசிப் படியில் நிற்பது வாத்து. அதற்கு ஒரு படி மேலே, சுருக்குப்பையோடு அந்த அம்மா.

நாமக்கல் முட்டைப் பண்ணைகளோடு ஒப்பிட்டால் இந்த அநியாயம் இன்னும் பளிச்சென்று தெரியும். பெரிய பண்ணைக்காரர் லாரி லாரியாக மூலப்பொருள் வாங்குகிறார். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வுக் கூடமே இருக்கிறது, மாதிரி அனுப்பிப் பார்த்துக்கொள்ளலாம். நச்சைப் பிடித்துக்கொள்கிற பொருளைத் தீவனத்தில் கலக்கிறார்கள். சரக்கு சரியில்லை என்றால் லாரியையே திருப்பி அனுப்ப முடியும். இரண்டு கிலோ வாங்குகிறவர் எதைத் திருப்பி அனுப்புவார்?

பொருளாதாரம் படித்தவர்களுக்கு ஜார்ஜ் ஆக்கர்லாஃப் பெயர் தெரிந்திருக்கும். 1970-ல் பழைய கார் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார், 2001-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. சாரம் இதுதான்: பொருளின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. எனவே வாங்குபவர் எல்லாவற்றுக்கும் ஒரே சராசரி விலைதான் கொடுப்பார். நல்ல சரக்கு வைத்திருப்பவருக்கு அந்த விலை கட்டாது, விலகிவிடுவார். சந்தையில் மட்டமான சரக்கே மிஞ்சும். ஆக்கர்லாஃப் காரை எடுத்துக்கொண்டார். செஞ்சிப் பக்கம் பிறந்திருந்தால் மல்லாட்டைப் புண்ணாக்கை எடுத்திருப்பார்! காரையாவது ஓட்டிப் பார்க்கலாம். இதில் விற்பவருக்கே பாதி நேரம் தெரியாது. தெரிந்துகொள்ள அவருக்கு அவசியமும் இல்லை, ஏனென்றால் வாத்து செத்தால் பழி கீழாநெல்லி மேல்தான் விழுகிறது. "சரியா அரைக்கலியோ என்னமோ" என்று.

மூலிகைப் பேச்சால் வருகிற நிஜமான கேடு இதுதான். மூலிகை கெட்டது என்பதல்ல. அது குற்றம் நடந்த இடத்திலிருந்து கண்ணைத் திருப்பிவிடுகிறது. தீவனக் கடைக்குக் கேட்க வேண்டிய கேள்வி, அம்மிக்கல்லிலேயே அரைபட்டுப் போகிறது.

கீழாநெல்லி ஈரலுக்கு நல்லதாயிற்றே, அஃப்ளாடாக்ஸின் தாக்குவதும் ஈரலைத்தானே, அப்புறம் என்ன என்று வாதம் வரும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கீழாநெல்லியைச் சும்மா பாட்டி வைத்தியம் என்று ஒதுக்கவும் முடியாது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராசன் குழுவினர் ஹெபடைடிஸ் பி கிருமி உடலில் தங்கியவர்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்து 1988-ல் 'லான்செட்' இதழில் எழுதினார்கள். மருந்து எடுத்த 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது என்ற முடிவு உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. பிறகு மற்ற இடங்களில் செய்த சோதனைகளில் அதே பலன் வரவில்லை. இதில் பலருக்குத் தெரியாத ஒரு துணுக்கு உண்டு. வாத்துக்கும் ஒரு ஹெபடைடிஸ் பி கிருமி இருக்கிறது. அந்தக் கிருமி தொற்றிய வாத்துகளுக்கே கீழாநெல்லி கொடுத்துச் சோதித்து 1990-ல் முடிவு வெளியிட்டார்கள், தியாகராசனும் அந்தக் குழுவில் ஒருவர். ரத்தத்தில் கிருமியின் டி.என்.ஏ. குறையவில்லை. அது கிருமி பற்றிய சோதனை, நஞ்சு பற்றியதல்ல, உண்மை. ஆனால் 'ஈரலுக்கு நல்லது' என்கிற ஒரு வரியை வைத்துக்கொண்டு எல்லா ஈரல் கோளாறுக்கும் ஒரே செடியைப் பிடுங்கக்கூடாது என்பதற்கு இது போதாதா? ஒரு பேச்சுக்கு, கீழாநெல்லி கொஞ்சம் தாங்கிப் பிடிக்கும் என்றே வைத்துக்கொண்டாலும், காலையில் நஞ்சு, சாயங்காலம் மருந்து என்று கொடுப்பதில் என்ன கணக்கு இருக்கிறது?

"முன்னோர்கள் மூலிகை கொடுத்துத்தானே வளர்த்தார்கள்?" இது அடுத்த கணை. முன்னோர்களின் வாத்து என்ன தின்றது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வயலில் சிந்திய நெல், நத்தை, புழு, பூச்சி, ஏரிப் பாசி. நிலக்கடலை தென் அமெரிக்கப் பயிர். மணிலா என்கிற பெயரே அது வெளியிலிருந்து வந்ததைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் தென்னார்க்காட்டில் அது பெருகிப் பரவி, புதுச்சேரித் துறைமுகம் வழியாக பிரான்சின் மார்செய் நகரத்துக்குக் கப்பல் ஏறியது. அங்கே எண்ணெய்க்கும் சோப்புக்கும் போனது. 1714-ல் போரில் மாண்ட ராஜா தேசிங்கின் காலத்து வாத்து மல்லாட்டைப் புண்ணாக்கைக் கண்ணால் பார்த்திருக்குமா என்பதே சந்தேகம். தீவனம் புதுசு, வைத்தியம் மட்டும் பழசாக இருக்க வேண்டுமாம்!

இதை வாத்துப் பிரச்சினை என்று மட்டும் நினைப்பவர்களுக்கு ஒன்று. 1974-ல் குஜராத், ராஜஸ்தான் எல்லைப்புறப் பழங்குடிக் கிராமங்களில் மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தைத் தின்று 397 பேர் மஞ்சள் காமாலை மாதிரி நோயில் விழுந்தார்கள், 106 பேர் இறந்தார்கள். அந்த வீட்டு நாய்களும் செத்தன. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியானவை என்ற முதல் பட்டியலில் அஃப்ளாடாக்ஸினை வைத்திருக்கிறது. அதற்காக வாத்து முட்டையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், தீவனத்திலிருந்து முட்டைக்குள் போவது மிகச் சிறிய அளவுதான். பயப்பட வேண்டியது அதே மூட்டையைப் பார்த்து.

அப்படியானால் கொல்லையில் என்னதான் செய்வது? இங்கேயும் பேச்சில் நிறையக் குப்பை சேர்ந்திருக்கிறது. வாத்து வளர்க்கக் குளம் வேண்டும் என்பது முதல் குப்பை. சங்கராபரணியில் வருஷத்தில் பாதி நாள் மணல்தான் ஓடுகிறது, அதற்காக செஞ்சியில் வாத்து வளர்க்காமல் இருக்க முடியுமா? நீந்தாமலே வாத்து வளரும், முட்டையும் இடும். ஆனால் தலையை முழுக்க அமிழ்த்தி மூக்கையும் கண்ணையும் கழுவிக்கொள்கிற ஆழத்துக்கு ஒரு தொட்டித் தண்ணீர் கட்டாயம் வேண்டும். முட்டை பெரும்பாலும் விடியற்காலையில்தான் இடும், அதனால் எட்டு, ஒன்பது மணிக்குப் பிறகு திறந்துவிட்டால் முட்டை வேலியோரம் காணாமல் போகாது. படுக்கைக்கு நெல் உமி நல்லது. ஈரமானவுடன் அள்ளிப் போட்டுவிட வேண்டும். ஈர வைக்கோலில் வளர்கிற வேறொரு பூஞ்சை குஞ்சுகளின் நுரையீரலைப் பிடிக்கும். வாத்துக்கு உலர்ந்த தீவனம் தொண்டையில் அடைக்கும், பிசைந்துதான் வைக்க வேண்டும். பிசைந்த தீவனம் செஞ்சி வெயிலில் சில மணி நேரத்திலேயே புளித்துவிடும். தின்று முடிக்கிற அளவு மட்டும் பிசைந்து, மிச்சத்தை அன்றைக்கே கழுவிக் கொட்டுவதற்கு எந்த மூலிகையும் ஈடாகாது. ராத்திரி மிச்சத்தின் மேல் காலையில் புதிதாகக் கொட்டுவது ரொம்ப வீடுகளில் நடக்கிறது.

மூலிகைத் தோட்டம் போடலாம். தாராளமாகப் போடலாம், மருந்துக் கடையாக அல்ல, கீரைத் தட்டாக. தொட்டியைக் கழுவிக் கொட்டுகிற எருத் தண்ணீரை ஒரு சின்ன வாய்க்காலில் விட்டால் பொன்னாங்கண்ணி, கரிசலாங்கண்ணி, வல்லாரை மூன்றும் அந்த ஈரத்திலேயே படர்ந்துவிடும். பொன்னாங்கண்ணிக்கு விதைகூட வேண்டாம், தண்டைக் கிள்ளி ஊன்றினால் போதும். ஆனால் வேர் பிடிக்கும்வரை முள்ளோ பழைய வலையோ போட்டு மறைக்க வேண்டும், இல்லாவிட்டால் வாத்து நாற்றை மிதித்து, பிடுங்கி, ருசி பார்த்து ஒரே நாளில் தோட்டத்தை முடித்துவிடும். வேலியில் முருங்கைப் போத்தும் அகத்தியும் வைத்தால் நிழலும் ஆச்சு, தழையும் ஆச்சு. கீழாநெல்லி யாரும் நடாமலே வரும், குப்பைமேனியும் அப்படித்தான். துளசி ஓரமாக இருந்துவிட்டுப் போகட்டும். ஆமணக்கு, அரளி, ஊமத்தை ஆகிய மூன்றையும் வாத்து மேய்கிற பக்கம் வைக்கவே கூடாது. உரத்துக்கு வாங்கி வைத்த ஆமணக்குப் புண்ணாக்கை வாத்து எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். அதுவும் நஞ்சு.

இந்தத் தோட்டத்திலேயே ஒரு குழி தோண்டி பிளாஸ்டிக் விரிப்புப் போட்டு, சாணம் கரைத்த தண்ணீரில் அசோலா வளர்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். காய்ந்த எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் புரதம் உள்ள செடி அது. புண்ணாக்கு வாங்குவதே புரதத்துக்காகத்தானே? அசோலாவும் நத்தையும் கொஞ்சம் கருவாட்டுத் தூளும் இருந்தால் புண்ணாக்கின் அளவைக் குறைக்கலாம். ஜப்பானில் தகாவோ ஃபுருனோ என்ற விவசாயி 1988 முதல் நெல் வயலிலேயே வாத்துக் குஞ்சுகளை விட்டு, களையையும் பூச்சியையும் தின்ன வைத்து உலகம் முழுக்கப் பேசப்பட்டார். அவர் முறையிலும் அசோலா சேர்ந்தது. தழை அந்த இடத்தில் தீவனம். மருந்து என்று பெயர் சூட்டி அதன் தலையில் பாரம் ஏற்றவில்லை.

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். விழுகிற வாத்தெல்லாம் அஃப்ளாடாக்ஸினால் விழுவதில்லை. குருணையை மட்டும் தின்று வளர்கிற குஞ்சுக்கு நயாசின் என்ற உயிர்ச்சத்துக் குறைந்து கால் வளையும். வாத்துப் பிளேக் என்று ஒரு கொள்ளை நோய் உண்டு, அதற்குத் தடுப்பூசி இருக்கிறது, எந்தக் கீரையும் அந்த ஊசி ஆகாது. நச்சுத் தீவனம் தின்ற குஞ்சு தீனி எடுக்காது, வளராது, தள்ளாடும், காலில் ஊதா நிறம் படரும், கடைசியில் கழுத்தைப் பின்னால் வளைத்துக்கொண்டு போகும். பெரிய வாத்து மெலியும், முட்டை குறையும். வேறு நோய்களிலும் இதே மாதிரி வரும் என்பதால் செத்த வாத்தைப் புதைக்காமல் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோய் அறுத்துப் பார்க்கச் சொல்வதுதான் வழி. "போயும் போயும் வாத்துக்குப் போஸ்ட்மார்ட்டமா?" என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். மிச்சம் ஒன்பது வாத்து உயிரோடு இருக்கிறதே!

விலை கம்மி என்கிறார்களே, அந்தக் கணக்கையும் போட்டுவிடலாம். பத்து வாத்து, தலைக்கு ஒரு நாளைக்கு 20 கிராம் புண்ணாக்கு என்று வைத்துக்கொண்டால் வருஷத்துக்கு 73 கிலோ. மட்டமான சரக்கு கிலோவுக்கு 15 ரூபாய் குறைவு என்றால் மிச்சம் 1,095 ரூபாய். பத்தில் எட்டு முட்டையிட்டு, ஒவ்வொன்றும் 150 முட்டை, முட்டை 10 ரூபாய் என்றால் வரவு 12,000. ஆயிரத்தைக் காப்பாற்ற பன்னிரண்டாயிரத்தைப் பணயம் வைக்கச் சொல்கிற வியாபாரத்துக்கு 'மலிவு' என்று பெயர். முதலும் போய்விடும் என்பது தனி.

கடைக்காரர் தரப்பில் ஒரு நியாயம் சொல்வார்கள். நஞ்சைக் கண்ணால் பார்க்க முடியாது, ஒவ்வொரு மூட்டைக்கும் பரிசோதனை செய்தால் கட்டுப்படியாகாது என்று. முதல் பாதி உண்மை. ஆனால் நனைந்த மூட்டையைக் கண்ணால் பார்க்க முடியுமே? பச்சைப் படலத்தைப் பார்க்க முடியுமே? மக்கின வாடையை மூக்கு அறியுமே? அதை நல்ல சரக்கோடு உடைத்துக் கலந்து விற்பதற்கு எந்த ஆய்வுக்கூடம் அனுமதி கொடுத்தது? இரண்டாவது பாதிக்கும் பதில் இருக்கிறது. தனி ஆளுக்குக் கட்டாது, சுய உதவிக் குழுவுக்குக் கட்டும். இருபது பெண்கள் சேர்ந்து மொத்தமாக ஒரே சரக்கை வாங்கினால், நாலைந்து மூட்டையின் உள்ளிருந்து எடுத்துக் கலந்த ஒரு மாதிரியைப் பரிசோதனைக்கு அனுப்பும் செலவு தலைக்கு ஒன்றுமில்லாமல் போகும். கடனுக்கும் வட்டிக்கும் கூடுகிற குழு, புண்ணாக்குக்கும் கூடலாம்.

சட்டமும் அப்படியொன்றும் வாயை மூடிக்கொண்டு இல்லை. பி.காம். படிக்கிறவர்கள் எல்லாம் வணிகச் சட்டத் தாளுக்காக உருப்போட்டுவிட்டு மறந்துபோகிற சரக்கு விற்பனைச் சட்டம், 1930, பிரிவு 16. வாங்குபவரே எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பது பொது விதி. ஆனால் இன்ன காரியத்துக்கு வேண்டும் என்று சொல்லி, விற்பவரின் அனுபவத்தை நம்பித்தான் வாங்குகிறேன் என்பது தெரிகிற மாதிரி வாங்கினால், அந்தச் சரக்கை விற்பதே அவர் தொழிலாக இருந்தால், அந்தக் காரியத்துக்கு அது பொருத்தமாக இருந்தாக வேண்டும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலும், சொந்த உழைப்பில் பிழைப்புக்காக வாங்குபவர் நுகர்வோர்தான். ஆகவே "ரெண்டு கிலோ புண்ணாக்கு குடுங்க" என்று கேட்பதற்கும், "வாத்துக் குஞ்சுக்கு வேணும், பூஞ்சை இல்லாத சரக்கா பாத்து நீங்களே குடுங்கண்ணே, பில்லுல எழுதிடுங்க" என்று கேட்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. பில் கொடுக்க மறுக்கிற கடையில் வாங்காமல் திரும்பிவிடலாம், அசோலா குழி இருக்கவே இருக்கிறது.

ஏற்கெனவே வாங்கி வந்து, குளியலறைச் சுவரோரம் பச்சை பிடித்துக் கிடக்கிற அந்த மூட்டையை என்ன செய்வது? காசு கொடுத்து வாங்கியதாயிற்றே என்று மனசு அடித்துக்கொள்ளும். அடுத்த வீட்டு மாட்டுக்குக் கொடுத்துவிடலாமா என்றுகூடத் தோன்றும். கூடாது, கறவை மாடு தின்றால் அந்த நஞ்சின் ஒரு பங்கு பாலில் வரும். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, தூசி பறக்காமல் தண்ணீர் தெளித்து, கொல்லைக் கோடியில் குழி வெட்டிப் புதைத்து, மேலே ஒரு முழத்துக்கு மண் மூட வேண்டும். வாத்து மண்ணைக் கிளறுகிற சாதி, அதனால் குழியின் மேல் ஒரு பலகைக் கல்லையும் வைத்துவிடுவது நல்லது.